பலகையில் சுட்ட சால்மன்: ஒரு பாக்கெட் அட்டையின் கதை

2011 கோடையில் ஆறு மாத ஆன்சைட் வேலைக்காக சியாட்டில் பக்கம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேனேஜர் தன் வீட்டுக் கொல்லையில் பார்பிக்யூ வைத்திருந்தார். முக்கால் அடி அகலத்தில் ஒரு மரப்பலகை, காலையிலிருந்து தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து கேஸ் கிரில் கம்பிகளின் மேல் வைத்தார். பலகைக்கு மேலே தோலோடு ஒரு முழுப்பக்க சால்மன். உப்பு, மிளகு, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை மாதிரி ஒன்று. மூடியைப் போட்டுவிட்டு பேச ஆரம்பித்தார். பேச்சு நீண்டுபோச்சு. திரும்பிப் பார்த்தால் மூடியின் இடுக்கிலிருந்து கரும்புகை. பலகையின் ஓரங்கள் நாலு பக்கமும் எரிகின்றன. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே கவிழ்த்தார்.

மீன் பிரமாதமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேல்பக்கம் லேசான புகைவாசம், உள்ளே ஈரம் போகாமல், ஏடு ஏடாக வந்தது.

பலகை வந்த பாக்கெட்டின் அட்டை மேஜையில் கிடந்தது. ஒரு குலமரபுத் தூணின் படம். அதன் கீழே, வடமேற்குக் கடற்கரைப் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பின்பற்றும் சமையல் முறை என்ற பொருளில் இரண்டு வரி. அந்த அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு உறுத்திய விஷயம் ரொம்பச் சின்னது. ரம்பம் இல்லாத காலத்தில் ஒரு மரத்திலிருந்து வழவழப்பான பலகை எடுப்பது என்ன சாமானிய வேலையா? அப்படிப் பாடுபட்டு எடுத்த பலகையை, ஒரு வேளை மீனுக்காக யாராவது தீயில் போடுவார்களா? ஒரு பலகை ஒரு தடவைக்கு, மிஞ்சினால் இரண்டு மூன்று தடவைக்குத்தான் வரும். கணக்கு உதைத்தது.

அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனதில் பல வருஷ வாசிப்பு ஆகிவிட்டது. அதன் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

முதலில் பலகை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மரம் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். சாதா எஃகோடு ஒப்பிட்டால் சில நூறு மடங்கு குறைவு. அதனால் கீழேயிருந்து வரும் தணலின் சூடு மீனை நேராகத் தொடுவதில்லை. மூடிக்குள் சுழலும் சூடான காற்றுதான் மேலேயிருந்து மீனை வேகவைக்கிறது. அதாவது பலகை ஒரு கேடயம். மீன் கம்பியில் ஒட்டாது, கருகாது, திருப்பிப்போட வேண்டிய வேலையும் இல்லை. ஊறவைத்த தண்ணீர் மரத்துக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் அது வற்றும்வரை மரத்தின் மேல்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. வற்றியபின் இருநூறு டிகிரி வாக்கில் மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் சிதைய ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போனால் லிக்னின் உடைந்து, புகைக்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் குவையகால் போன்ற பொருட்கள் வரும். ஓக், ஆல்டர் மாதிரி இலையகன்ற மரங்களின் புகையில் சிரிங்கால் என்ற இன்னொரு வாசப்பொருளும் சேர்ந்து வரும். சீடர் மாதிரி ஊசியிலை மரங்களின் லிக்னினில் அது அநேகமாகக் கிடையாது. அதனால்தான் சீடர் புகைக்கு ஒரு தனி மணம், பென்சில் சீவும்போது வருமே, அதுமாதிரி.

சீடர் என்றதும் நம் ஊரில் தேவதாரு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். இமயமலைத் தேவதாரு உண்மையான சீடர் இனம். இங்கே பேசப்படும் மேற்குச் செஞ்சீடர் சைப்ரஸ் குடும்பத்து மரம், தாவரவியலில் பெயர் துயா பிளிகேட்டா. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. மழையில் கிடந்தாலும் எளிதில் உளுக்காது, ஏனென்றால் அதன் உள்மரத்தில் துயாப்ளிசின் என்ற பூஞ்சைக்கொல்லி இயற்கையாகவே இருக்கிறது. அதே மரத்திலுள்ள பிளிகேட்டிக் அமிலத்தின் தூசியால் மரமில் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருகிறது என்பது தனிக்கதை.

இந்த மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. நார் ஓட்டம் நேர்கோடு. ஆப்பு வைத்து அடித்தால் வாழைமட்டை மாதிரி நீளமாகப் பிளந்துவரும். அலாஸ்காவின் தென்கோடியிலிருந்து ஆரிகன் வரை அந்தக் கடற்கரையில் வாழ்ந்த மக்களின் மொத்த வாழ்க்கையும் இந்தக் குணத்தின் மேல் கட்டப்பட்டது. எல்க் மானின் கொம்பிலும் யூ மரத்திலும் ஆப்பு செய்தார்கள். கல் சுத்தியல். நிற்கும் மரத்தை வெட்டாமலே அதன் ஒரு பக்கத்திலிருந்து பலகையைப் பிளந்து எடுத்துவிட்டு மரத்தை உயிரோடு விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. அப்படித் தழும்போடு நிற்கும் மரங்களை பிரிட்டிஷ் கொலம்பியாக் காடுகளில் இன்றும் காணலாம். வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு முனையில் ஓசெட் என்ற மக்கா இன மக்களின் ஊர், சில நூற்றாண்டுகளுக்கு முன்பு மண்சரிவில் புதைந்துபோனது. 1970இல் ஆரம்பித்து பதினோரு வருடம் அங்கே தோண்டினார்கள். ஈரச்சேற்றுக்குள் காற்றுப் புகாமல் கிடந்ததால் மரச்சாமான்கள் அப்படியே கிடைத்தன. பலகை வீடுகள், ஆப்புகள், பெட்டிகள், கிண்ணங்கள் என்று ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

வீட்டுச் சுவர் பலகைகள் சொத்து. கோடையில் மீன்பிடி முகாமுக்குப் போகும்போது சுவரைக் கழற்றி, பலகைகளைப் படகில் ஏற்றி எடுத்துக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. நான் சொன்ன கணக்கு இங்கேதான் உதைத்தது.

அப்படியானால் சால்மனை எப்படித்தான் சமைத்தார்கள்?

லூயிஸ், கிளார்க் இருவரும் ஜெபர்சன் அனுப்பிக் கிளம்பிய பயணத்தில், 1805 அக்டோபர் 17 அன்று கிளார்க் கொலம்பியா நதிக்கரையில் ஒரு பாய் வீட்டுக்குள் போகிறார். உட்காரப் பாய் போடுகிறார்கள். ஒருவர் தண்ணீரில் மிதந்துவந்த ஒரு கட்டையைக் கொண்டுவந்து, எல்க் கொம்பு ஆப்பாலும் கல் சுத்தியலாலும் சிறு சிறு துண்டாகப் பிளந்து தீயில் அடுக்குகிறார். தீயின் மேல் உருண்டைக் கற்கள். ஒரு பெண் கூடையில் தண்ணீரும் ஒரு பெரிய சால்மனும் கொண்டுவந்து கொடுக்கிறார். கற்கள் சிவக்கச் சூடானதும் ஒவ்வொன்றாக அந்தக் கூடைத் தண்ணீருக்குள் போட, மீன் வெந்துவிடுகிறது. கோரைத் தட்டில் எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். கிளார்க் நாட்குறிப்பில் பொறுமையாக எழுதிவைத்திருக்கிறார். சுட்ட மீன் அல்ல, வெந்த மீன்!

கடற்கரைப் பக்கம் வந்தால் கூடைக்குப் பதில் மரப்பெட்டி. இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். ஒரே ஒரு சீடர் பலகையை எடுத்து, மூன்று இடத்தில் குறுக்காகப் பள்ளம் செதுக்கி, ஆவியில் வாட்டி, மூன்று மூலைகளையும் மடித்துவிடுவார்கள். நாலாவது மூலையை முளையடித்தோ வேர்நாரால் தைத்தோ சேர்ப்பார்கள். அடிப்பலகை பொருத்தினால் சொட்டு ஒழுகாத பெட்டி. ஆணி கிடையாது, பசை கிடையாது. அதில் தண்ணீர் ஊற்றிச் சுட்ட கற்களைப் போட்டால் சமையல் பாத்திரம். ஆக, சீடர் பலகையில் சால்மன் சமைத்தார்கள் என்ற அந்த அட்டைவாசகம் ஒருவகையில் உண்மைதான். பலகையை எரித்து அல்ல, வளைத்து!

சுடும் முறைக்கு வருவோம். இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி ஜார்ஜ் ஹண்ட். அம்மா டிலிங்கிட் இனப் பெண், அப்பா ஹட்சன் பே கம்பெனியில் வேலை பார்த்த ஆங்கிலேயர். வான்கூவர் தீவின் போர்ட் ரூபர்ட்டில், இன்று குவாக்குவாக்கவாக்கு என்று அழைக்கப்படும் மக்களுக்கு நடுவே வளர்ந்தவர். மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸுக்காகப் பல ஆயிரம் பக்கங்கள் அந்த மக்களின் மொழியிலேயே எழுதிக் கொடுத்தார். 1921இல் வெளிவந்த 'எத்னாலஜி ஆஃப் தி குவாக்கியூட்டில்' என்ற தொகுப்பில் நூற்றுக்கும் மேல் சமையல் குறிப்புகள். மீனை எந்தப் பக்கம் கீறவேண்டும், தலையை என்ன செய்வது, யார் முதலில் சாப்பிடுவது, சாப்பிட்டபின் தண்ணீர் எப்போது குடிப்பது என்பது வரை இருக்கிறது. நம் பாட்டிமார்களிடம் யாராவது உட்கார்ந்து இப்படி எழுதி வாங்கியிருந்தால் என்று ஒரு ஏக்கம் வரும், படிக்கும்போது.

அங்கே சால்மன் சுடும் கருவி ஒரு கவை. சீடர் கழியை மேலிருந்து முக்கால் பாகம் வரை பிளப்பார்கள். பிளவு மேலும் ஓடாமலிருக்க அந்த இடத்தில் சீடர் பட்டைநாரால் ஒரு கட்டு. மீனை முதுகெலும்பு நீக்கி விரித்து, அந்தப் பிளவுக்குள் சொருகி, குறுக்கே இரண்டு பக்கமும் மெல்லிய சீடர் சிம்புகளை வைப்பார்கள், மீன் சுருண்டுகொள்ளாமல் அப்பளம் மாதிரி தட்டையாக நிற்பதற்கு. கழியின் உச்சியை மறுபடி நாரால் கட்டிவிட்டு, அடிமுனையைத் தீயின் பக்கத்தில் மண்ணில் நட்டுவிடுவது. தீயின் மேல் அல்ல, பக்கத்தில். கழியைச் சற்று சாய்த்தால் சூடு கூடும், நிமிர்த்தினால் குறையும். நாப் திருகுவது மாதிரிதான். கொழுப்பு உருகி கழி வழியாகக் கீழே வடியும், தீயில் சொட்டிக் கொழுந்து எழாது.

தீ என்ன விறகு? ஆல்டர். ஆற்றோரங்களில் தானாகவே மண்டி வளரும் மரம், பிசின் குறைவு, புகை இதமானது. சீடர் விறகு சடசடவென்று வெடித்துப் பொறி பறக்கும், வேகமாக எரிந்து தீர்ந்துபோகும்.

அட்டையில் எழுதியிருந்தது இந்த இடத்தில் தலைகீழாகிறது. பழைய முறையில் சீடர் பிடிக்கும் கை, ஆல்டர் எரியும் விறகு. சீடர் எரிந்தால் கவை போச்சு, மீன் சாம்பலில் விழும். புதிய முறையிலோ எரிவது கேஸ், கருகுவது சீடர். கருகவேண்டும் என்பதற்காகவே அதை வாங்குகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. சுட்ட சால்மன் என்பது மீன் ஏறிவரும் சில வாரங்களின் சாப்பாடு. வருடம் முழுக்கச் சோறு போட்டது காய்ந்த மீன்தான். நதிக்குள் நுழைந்தபின் சால்மன் இரை எடுக்காது. உடம்பிலுள்ள கொழுப்பை எரித்துத்தான் மேலே ஏறும். அதனால் முகத்துவாரத்தில் பிடித்த மீன் கொழுத்திருக்கும், சுட்டுச் சாப்பிட நல்லது. இருநூறு மைல் மேலே பிடித்தது மெலிந்திருக்கும், சீக்கிரம் காயும், கெடாது. கொலம்பியா நதியின் செலைலோ அருவிப் பக்கம் காற்றில் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, மீன்தோல் உறைபோட்ட கூடைகளில் அடைத்து வைத்ததையும் கிளார்க் எழுதியிருக்கிறார். அதுதான் அந்தப் பிரதேசத்தின் பணப்பயிர், நம் ஊர்க் கருவாட்டு வியாபாரம் மாதிரி. கருவாட்டை யாரும் பாக்கெட் அட்டையில் போடுவதில்லை, அது வேறு.

ஹண்ட் எழுதிய சமையல் குறிப்புகள் அச்சான 1921 என்ற வருடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நூலை வெளியிட்டது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன், அரசுப் பணத்தில். எல்லைக்கு வடக்கே கனடாவில் நிலைமை வேறு. அங்கே பாட்லாட்ச் என்ற விருந்து, கல்யாணம் கருமாதி பெயர்சூட்டு எல்லாவற்றுக்கும் ஊரைக்கூட்டிச் சோறுபோட்டுப் பரிசு கொடுக்கும் வழக்கம், 1885 முதலே சட்டப்படி குற்றம். அதே 1921 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், வில்லேஜ் ஐலண்ட் என்ற சிறு தீவில் டான் கிரான்மர் என்பவர் பெரிய பாட்லாட்ச் நடத்தினார். போலீஸ் 45 பேர் மேல் வழக்குப் போட்டது. ஆடியதற்காக, பேசியதற்காக, பரிசுகளை எடுத்துக்கொடுத்ததற்காக. இருபது பேர் வாக்கில் ஜெயிலுக்குப் போனார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் அள்ளிக்கொண்டுபோய் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள். ஹண்ட்டே 1900இல் ஒரு சடங்கில் கலந்துகொண்டதற்காகக் கைதாகி, பிறகு விடுதலையானவர்தான். மீனை எப்படிச் சுடுவது என்ற குறிப்பு நூலகத்தில் பத்திரமாக ஏறிய வருடமும், பிறகு வழக்கில் போய் முடிந்த அந்த விருந்து நடந்த வருடமும் ஒன்று. அந்தத் தடை 1951 வரை நீடித்தது.

சரி, பலகை எங்கேயிருந்து வந்தது? நாட்டின் மறுபக்கத்திலிருந்து, வேறொரு மீனோடு.

அட்லாண்டிக் கரையில் ஷாட் என்றொரு மீன். நம் உல்லம் மீனுக்கு, அதாவது வங்காளிகளின் ஹில்சாவுக்கு, நெருங்கிய சொந்தம். அதேபோல் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும், அதேபோல் ருசி, அதேபோல் தாங்கமுடியாத முள். (உல்லம் ஒரு காலத்தில் காவிரியிலும் ஏறியது. மேட்டூர் அணைக்குப் பிறகு அந்த மீன்பிடிப்பு போயே போய்விட்டது. அதை எழுத உட்கார்ந்தால் இன்னொரு பதிவு.) டெலாவேர், கனெக்டிகட், வர்ஜீனியா ஆறுகளில் வசந்தகாலத்தில் ஷாட் ஏறும்போது, அதை இரண்டாக விரித்து, கனமான ஓக் பலகையில் ஆணியடித்து, பலகையைத் தீயின் முன்னே நிமிர்த்தி வைத்துச் சுடுவார்கள். மேலே பன்றிக்கொழுப்புப் பட்டைகள், அவை உருகி மீனை நனைத்துக்கொண்டே இருக்கும். பிலடெல்பியாவில் 1732இல் ஆரம்பித்த ஷூல்கில் மீன்பிடிக் கழகம், அமெரிக்காவின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று, இந்தப் பலகை ஷாட்டுக்குப் பேர்போனது. வர்ஜீனியாவின் வேக்பீல்டில் 'ஷாட் பிளாங்கிங்' என்றே வசந்தத்தில் ஒரு திருவிழா. ஒரு காலத்தில் தேர்தல் வருடங்களில் வேட்பாளர்கள் வராமல் இருந்ததில்லை.

இங்கேயும் பழங்குடிகளிடமிருந்து குடியேறிகள் கற்றது என்று ஒரு கதை உண்டு. ஆனால் இந்தப் பலகை அறுவை மரம், ஆணி இரும்பு. மரமில்லும் கொல்லுப்பட்டறையும் உள்ள சமூகத்தின் சமையல் அது. ஓக் பலகை எரியாது. ஒவ்வொரு வருடமும் எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்து, தோசைக்கல் மாதிரி பழகும்.

1896இல் ஃபேனி ஃபார்மரின் 'பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்' வருகிறது. அதில் பலகை ஷாட்டுக்கு, மீனைவிடச் சற்றுப் பெரிய, ஓர் அங்குலக் கனமுள்ள ஓக் பலகை கேட்கிறார். ஆனால் தீயின் முன்னே நிறுத்தச் சொல்லவில்லை. படுக்கவைத்து அவனுக்குள் தள்ளச் சொல்கிறார். நின்ற பலகை படுத்தது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன், குறைந்தபட்சம் நடுத்தர வர்க்கச் சமையலறைகளில். அடுத்த சில பத்தாண்டுகளில் ஓட்டல் மெனுக்களில் பலகை ஸ்டீக், பலகை வெண்மீன் என்று வரிசையாக வந்தன. சுற்றிலும் மசித்த உருளைக்கிழங்கைப் பூப்பூவாகப் பிழிந்து, பலகையோடு மேஜைக்குக் கொண்டுவருவார்கள். அப்போது பலகை சமையல் கருவி பாதி, அலங்காரத் தட்டு பாதி.

பின்லாந்துக்காரர்களிடமும் ஒரு முறை உண்டு, லோயிமுலோஹி. சால்மனைப் பலகையில் மரமுளைகளால் அடித்து, எரியும் நெருப்பின் பக்கத்தில் சாய்த்து வைப்பது. யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சியே இதற்குத் தேவையில்லை. விரித்த மீனைத் தீயின் முன்னே நிறுத்த ஏதாவது வேண்டும். பிளக்கும் மரம் இருந்தால் கவை, அறுத்த மரம் இருந்தால் பலகை.

கிழக்கின் பலகையும் மேற்கின் சீடரும் எப்போது கல்யாணம் செய்துகொண்டன? ஒரு தேதி சொல்ல முடிகிற விஷயம் இல்லை, ஆனால் மேடை எப்படி அமைந்தது என்று தெரிகிறது. 1962இல் சியாட்டிலில் உலகக் கண்காட்சி. அதே வருடம், எதிரே உள்ள பிளேக் தீவில் பில் ஹெவிட் என்ற கேட்டரிங்காரர் டில்லிகம் வில்லேஜ் என்று ஒரு நீளவீடு கட்டித் திறந்தார். சுற்றுலாப் பயணிகள் படகில் வந்து இறங்குவார்கள். ஆல்டர் தணலைச் சுற்றி சீடர் கழிகளில் சால்மன் வரிசையாக நிற்கும். சாப்பாடு, பிறகு நடனம். கழி, கவை, ஆல்டர் எல்லாம் அங்கே சரியாகத்தான் இருந்தன. 1993இல் ஏபெக் மாநாட்டுக்கு வந்த தலைவர்களை கிளின்டன் அழைத்துப்போனது இந்த இடத்துக்குத்தான். 'சீடர், சால்மன், பழங்குடி' என்ற மூன்று சொற்களும் லட்சக்கணக்கானோர் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொள்ள இதுபோன்ற இடங்கள் காரணம். வீட்டுக்குப் போய் அதைச் செய்துபார்க்க நினைப்பவரிடம் இருப்பதோ மூடிபோட்ட கேஸ் கிரில். அதில் கழி நட முடியாது. படுக்கவைக்கத்தான் முடியும். வேலிக்கும் கூரைக்கும் அறுக்கும் சீடர் அந்த ஊரில் மலிவு. 1990களில் உணவகங்களும் கடைகளும் சீடர் பலகையைப் பரவலாக்கியபோது கதை தயாராகவே இருந்தது.

அதே 1962ல் இருந்து படகுத்துறைக்கு நூறு கிலோமீட்டருக்குள் நடந்தது இன்னொன்று. 1854, 1855இல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் போட்ட ஒப்பந்தங்களில் பழங்குடிகள் நிலத்தைக் கொடுத்தார்கள். பதிலுக்கு, வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் பிடிக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாநில அரசு அதை மதிக்கவில்லை. நிஸ்குவாலி ஆற்றங்கரையில் பில்லி பிராங்க் ஜூனியர் முதல்முறை கைதானபோது வயது 14, வருடம் 1945. பிறகு ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். குற்றம், தன் ஆற்றில் வலை போட்டது. 1964இல் புயாலப் ஆற்றில் அவர்களோடு சேர்ந்து படகில் ஏறிய மார்லன் பிராண்டோவும் கைதானார். ஒரு கரையில் டிக்கெட் வாங்கி பழங்குடிச் சால்மன் சாப்பிடுகிறார்கள், இன்னொரு கரையில் அதே சால்மனைப் பிடித்த பழங்குடிகளை வேனில் ஏற்றுகிறார்கள்.

1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பு சொன்னார். ஒப்பந்தத்தில் உள்ள சொற்களை, கையெழுத்துப் போட்ட பழங்குடிகள் அன்று எப்படிப் புரிந்துகொண்டார்களோ அப்படித்தான் படிக்கவேண்டும். பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை அவர்களுக்கு உரிமை. மீன்வளத்தை நிர்வகிப்பதிலும் பங்கு. பெரும் கலவரமே ஆனது, தீர்ப்பை எதிர்த்து. 1979இல் உச்ச நீதிமன்றம் அதன் சாரத்தை உறுதிசெய்தது.

இதையெல்லாம் படித்தபின் பலகை சால்மன் போலி என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. ஒரு நண்பரிடம் அப்படிச் சொல்லவும் செய்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். அது நல்ல சமையல் முறை. நூறு வருடத்துக்கு மேல் நேர்மையான பரம்பரை உள்ளது, ஓக்கும் ஷாட்டும் ஃபேனி ஃபார்மரும் வழியாக. தவறு பலகையில் இல்லை, அட்டையில். ஆயிரம் வருடம் என்று எழுதும்போது, கொம்பு ஆப்பு, மடித்த பெட்டி, கவை, நார்க்கட்டு என்று அவர்கள் உண்மையிலேயே கண்டுபிடித்தது எதுவும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அவர்கள் செய்யாத ஒன்றுக்குப் பாராட்டுக் கிடைக்கிறது.

செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டடக்கடைப் பலகை வேண்டவே வேண்டாம். கரையான் பிடிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரம் கலந்திருக்கும். அமெரிக்காவில் 2003 வரை வீட்டு உபயோக மரத்துக்கே ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். நம் ஊரில் ஆன்லைனில் 'இந்தியன் சால்மன்' என்று வருவதும் சால்மன் அல்ல, காலா மீன். நல்ல மீன்தான். பலகையில் நன்றாகவே வருகிறது, பாட்டில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருத்தம் மட்டும் மிச்சம். நான் அங்கே இருந்த அதே 2011 செப்டம்பரில், சியாட்டிலிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், எல்வா நதியின் அணைகளை உடைக்க ஆரம்பித்தார்கள். முதல் அணை கட்டி முடிந்தது 1913இல், இரண்டாவது 1927இல். இரண்டிலும் மீன் ஏற வழி வைக்கவில்லை. கடலிலிருந்து எட்டுக் கிலோமீட்டரோடு சால்மனுக்குப் பாதை முடிந்துபோனது. எங்கள் டீமில் ஒருவர் போய்ப் பார்க்கலாமா என்று கூப்பிட்டார். ரிலீஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் தண்ணீர் வடிந்தபோது, கிளாலம் மக்கள் தங்கள் இனம் தோன்றிய இடம் என்று பாட்டன் வாய்மொழியாக மட்டுமே கேட்டிருந்த பாறை வெளியே வந்தது. 2014இல் இரண்டாவது அணையும் முழுதாகப் போனது. மீன் பெருகட்டும் என்று அந்த மக்களே ஆற்றில் மீன்பிடிப்பதை 2011 முதல் நிறுத்திவைத்தார்கள். 2023 அக்டோபரில், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டும் என்று கொஞ்சம் கோஹோ சால்மன் பிடித்தார்கள்.